பஞ்சவர்ணக் கிளி வாங்கலாமா?

காலை 6 மணி.

ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இரவு வேலை முடிந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். காலை வேலைக்குப் போகிறவர்கள் டிபன் டப்பாவுடன் ஏறுகிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம்... இந்த வட்டாரம் முழுவதும் இப்படித்தான் பொழுது விடிகிறது. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன் எல்லாம் இங்கே தயாராகின்றன. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். புதிதாகக் குடித்தனம் வைத்தவர்கள்.

கையில் நாலு காசு சேருகிறது. முதலில் டி.வி. வருகிறது. பிறகு மோட்டார் சைக்கிள். அதற்கும் பிறகு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா, அம்மா, குழந்தை மூன்று பேரும் சென்னைக்குப் போகிறார்கள். கொளத்தூர் பக்கம் பறவைக் கடை ஒன்றில் நிற்கிறார்கள். உள்ளே நீலமும் மஞ்சளுமாக ஒரு கிளி. மூக்கில் இருந்து வால் நுனி வரை ஏறத்தாழ மூன்று அடி!

"அப்பா! அது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுது. வாங்கிக் குடுப்பா!"

"பேசுமாங்க. வீட்டுக்கு அழகாத்தான் இருக்கும்" என்கிறாள் மனைவி.

"பிள்ளை மாதிரி பழகும் சார்" என்கிறார் கடைக்காரர்.

அவர் சொல்வது பொய் அல்ல. பிள்ளை மாதிரிதான் பழகும். வில்லங்கமே அதில்தான் இருக்கிறது!

யார் யார் இந்தப் பெரிய கிளிகள்?

பெரிய கிளி என்று கடைகளில் விற்பவை முக்கியமாக மூன்று இனம்.

ஒன்று, மக்காவ். இதைத்தான் நம் ஊரில் பஞ்சவர்ணக் கிளி என்கிறார்கள். தென் அமெரிக்கக் காடுகளில் பிறந்தது. நீல-மஞ்சள் மக்காவ் சுமார் ஒரு கிலோ எடை இருக்கும்.

இரண்டு, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. உடம்பு சாம்பல் நிறம், வால் மட்டும் சிவப்பு. உருவத்தில் இது புறாவைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆனால் பேச்சில் இதை மிஞ்ச ஆள் இல்லை.

மூன்று, காக்கட்டூ. ஆஸ்திரேலியா, இந்தோனேசியாப் பக்கத்துப் பறவை. வெள்ளை உடம்பு. தலையில் கொண்டை. கோபம் வந்தாலும் கொண்டை எழும்பும். குஷி வந்தாலும் எழும்பும்.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். மக்காவ் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். ஆனாலும் வாங்குகிறார்கள். மாதத் தவணை கட்டி மோட்டார் சைக்கிள் வாங்குகிற மாதிரி, கடன் வாங்கிக் கிளி வாங்குகிறவர்களும் உண்டு.

மோட்டார் சைக்கிளைப் பிடிக்கவில்லை என்றால் விற்றுவிடலாம். பூட்டி வைத்தாலும் அழாது. கிளி அப்படியா?

83 வயதுக் கிளி

அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக்குப் பக்கத்தில் புரூக்ஃபீல்டு மிருகக்காட்சிசாலை இருக்கிறது. அங்கே ஒரு காக்கட்டூ இருந்தது. பெயர் குக்கி. அது பிறந்தது 1933-ம் ஆண்டு. இறந்தது 2016-ம் ஆண்டு. வயது 83!

1934-ல் அந்த மிருகக்காட்சிசாலையைத் திறந்தபோது இருந்த பறவைகளில் அதுவும் ஒன்று. அதை முதலில் பார்த்துக்கொண்ட ஆட்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கிளி இருந்தது.

எல்லாக் கிளியும் 83 வயது வாழாது. ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் மக்காவ் 50 ஆண்டு வாழும். சாம்பல் கிளி 40 ஆண்டு வாழக்கூடும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரகடத்தில் வேலை செய்கிற 30 வயது ஆள் ஒரு மக்காவ் குஞ்சு வாங்குகிறார். அவர் 58 வயதில் ஓய்வு பெறும்போது கிளிக்கு வயது 28. அதன் வாழ்க்கையில் பாதிதான் முடிந்திருக்கும்! மீதிப் பாதிக்கு யார் பொறுப்பு? மகனா? மகளா? மருமகள் கிளியைப் பார்த்தால் பயப்படுகிறவளாக இருந்தால்?

இந்த வட்டாரத்தில் வாடகை வீட்டுக்கு 11 மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதுகிறார்கள். கம்பெனியே அத்தனை ஆண்டு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா டெலிபோன் தொழிற்சாலை 2006-ல் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். எட்டே வருஷம்! 2006-ல் பிறந்த மக்காவ் இன்றைக்கும் வாலிபப் பருவத்தில் இருக்கும்.

வேலை மாறினால் ஊர் மாற வேண்டும். ஓசூருக்குப் போகலாம். புனாவுக்குப் போகலாம். போகிற இடத்தில் வீட்டுக்காரர் முதலில் கேட்கிற கேள்வி, "வீட்டில் எத்தனை பேர்?" கூண்டைப் பார்த்ததும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார். "வீடு காலி இல்லை" என்பார்.

விடிந்ததும் சங்கு ஊதும்

கிளி கூட்டமாக வாழ்கிற பறவை. காட்டில் விடிந்ததும் ஒன்றை ஒன்று கூப்பிடும். "நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?" என்று கேட்கிற கூவல் அது. பொழுது சாயும்போதும் அப்படியே. அடர்ந்த காட்டில், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கிற தோழனுக்குக் கேட்க வேண்டும். அதனால் ஆண்டவன் அதற்கு அப்படி ஒரு தொண்டையைக் கொடுத்திருக்கிறான்.

மக்காவும் காக்கட்டூவும் கத்தினால் தெருக்கோடிக்குக் கேட்கும். நான்கு சுவருக்குள் கத்தினால் காது குடையும். அடித்தாலும் நிறுத்தாது. அதட்டினால், "நமக்குப் பதில் சொல்கிறார்கள்" என்று நினைத்து இன்னும் கத்தும்!

இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் மிகவும் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

இங்கே பல கம்பெனிகளில் நாளுக்கு மூன்று ஷிப்டு. ஒரு வாரம் காலை வேலை. ஒரு வாரம் பகல் வேலை. ஒரு வாரம் இரவு வேலை. இரவு வேலை முடித்தவர் காலை 7 மணிக்கு வீட்டுக்கு வந்து, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். அப்போதுதான் கிளிக்குக் கொண்டாட்ட நேரம். அவர் கண்ணை மூடினால் அது வாயைத் திறக்கும்.

அடுத்த அறையில் இருப்பவரும் இரவு வேலைக்காரர்தான். மாடியில் இருப்பவரும் அப்படித்தான். சண்டை வராமல் இருக்குமா?

இது மனிதன் படுகிற பாடு. கிளி படுகிற பாடு தனி.

கிளிக்கு ராத்திரியில் 10 மணி முதல் 12 மணி நேரம் வரை இருட்டும் அமைதியும் வேண்டும். சூரியனோடு படுத்து, சூரியனோடு எழுந்திருக்கிற பிறவி. இரவு 11 மணிக்கு இரண்டாவது ஷிப்டு முடிந்து வந்து விளக்கைப் போட்டு, டி.வி.யைப் போட்டு, தாளிதம் செய்தால் அதற்குத் தூக்கம் போயிற்று. ஒரு நாள் போனால் பரவாயில்லை. மாதக் கணக்கில் போனால் சிடுசிடுப்பு வரும். கடிக்கும். நோய் வரும்.

மனிதன் ஷிப்டு மாறிக்கொள்வான். கிளிக்கு ஒரே ஷிப்டுதான்.

அலெக்ஸ் என்ற அதிசயக் கிளி

கிளி சொன்னதைச் சொல்லும் என்பார்கள். அர்த்தம் தெரியாமல் பேசும் என்பார்கள். அது தவறு என்று உலகத்துக்குக் காட்டிய கிளி ஒன்று உண்டு.

1977-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஐரின் பெப்பர்பெர்க் என்ற பெண் விஞ்ஞானி, சிகாகோ நகரில் ஒரு கடைக்குப் போனார். ஒரு வயதுச் சாம்பல் கிளி ஒன்றை வாங்கினார். அலெக்ஸ் என்று பெயர் வைத்தார். 30 ஆண்டு அதோடு பழகினார்.

அலெக்ஸ் சுமார் 50 பொருள்களுக்குப் பெயர் சொல்லும். ஏழு நிறம் சொல்லும். முக்கோணமா, சதுரமா என்று வடிவம் சொல்லும். ஆறு வரை எண்ணும். இரண்டு பொருளைக் காட்டி, "எதில் வித்தியாசம்?" என்று கேட்டால், "நிறத்தில்" என்று பதில் வரும். வித்தியாசமே இல்லை என்றால் "ஒன்றும் இல்லை" என்று சொல்லும்!

வாழைப்பழம் கேட்டு, கொட்டை கொடுத்தால் வாங்காது. தூக்கி எறியும். பாடம் அலுத்துவிட்டால், "கூண்டுக்குப் போக வேண்டும்" என்று வாய்விட்டுக் கேட்கும்.

2007 செப்டம்பரில் ஒரு நாள் காலை அலெக்ஸ் கூண்டில் இறந்து கிடந்தது. வயது 31. அது செத்த செய்தியை உலகப் பத்திரிகைகள் பெரிய மனிதர் மறைந்த செய்தி போலப் போட்டன.

இதைப் படித்ததும், "நம் வீட்டிலும் ஓர் அலெக்ஸ் வளர்ப்போமே" என்று தோன்றும். ஆனால் அலெக்ஸைச் சுற்றித் தினமும் பல மணி நேரம் ஆட்கள் இருந்தார்கள். பேசுவதற்கு ஆள். விளையாடுவதற்கு ஆள். அதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆட்கள்கூட இருந்தார்கள்.

அவ்வளவு மூளை உள்ள ஒரு பிறவியை ஓர் அறையில் பூட்டிவிட்டு, கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? ஐந்து வயதுக் குழந்தையைக் காலை முதல் மாலை வரை தனியாகப் பூட்டி வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகும்.

முதலில் கூப்பிடும். பிறகு கத்தும். பிறகு கூண்டுக்குள் ஒரே இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும். கடைசியில் தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பிக்கும். நெஞ்சு, தொடை எல்லாம் உரித்த கோழி மாதிரி ஆகிவிடும். சாம்பல் கிளிக்கும் காக்கட்டூவுக்கும் இந்தக் கோளாறு அதிகம். ஒரு தடவை வந்துவிட்டால் போக்குவது மிகவும் கஷ்டம்.

கிளி ஒருவரையே தன் ஜோடியாக நினைத்துக்கொள்வதும் உண்டு. பெரும்பாலும் தீனி போடுகிறவர்மேல் அந்த ஆசை விழும். அப்புறம் மற்றவர்கள் அவர் பக்கத்தில் வந்தால் அதற்குப் பொறாமை! மனைவியோடு ஒட்டிக்கொண்ட கிளி, கணவன் கிட்டே வந்தால் கொத்த வரும். குழந்தை கையை நீட்டினால் கடிக்கும். ஓடு தடித்த காட்டுக் கொட்டையை உடைக்கிற மூக்கு அது. குழந்தையின் விரல் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

தோசைக்கல்லில் எமன்!

ஒண்டுக் குடித்தனத்தில் கிளிக்கு ஆபத்து எங்கே இருந்து வருகிறது தெரியுமா? அடுப்பங்கரையில் இருந்து!

ஒட்டாத தோசைக்கல், ஒட்டாத வாணலி இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது. நான்ஸ்டிக் என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்தக் கல்லை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனால், அளவுக்கு மீறிச் சூடேறி, மேல்பூச்சில் இருந்து ஒரு புகை கிளம்பும். மனிதனுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. கிளியின் நுரையீரல் அதைத் தாங்காது. சில நிமிஷத்தில் விழுந்து செத்துவிடும்.

அடுப்பும் படுக்கையும் கூண்டும் ஒரே அறையில் இருக்கிற வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். அங்கே கிளி வளர்ப்பதானால் ஒட்டாத பாத்திரத்தை வீட்டைவிட்டே அனுப்ப வேண்டும். கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, சாம்பிராணி, பீடி, சிகரெட் எல்லாம் கிளிக்குக் கெடுதல். தீபாவளி வெடியும் அப்படியே.

வெயிலும் ஒரு விரோதி. கிளிக்கு வியர்க்காது. கத்திரி வெயிலில் சிமெண்டு ஷீட் போட்ட கூரைக்குக் கீழே, மின்சாரம் நின்றுபோன மத்தியானத்தில், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிறகை உடம்பில் படாமல் விரித்து நிற்கும். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது இருந்தால்தான் காப்பாற்றலாம்.

கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? மக்காவ் சிறகை விரித்தால் மூன்று அடிக்கு மேல் போகும். சிறகு கம்பியில் இடிக்காமல் திரும்ப வேண்டும். நாலடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி உயரம் என்றால்கூட அது தூங்குவதற்குத்தான். பகலில் வெளியே விட வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் இப்படி ஒரு கூண்டு வைத்தால் குடும்பம் எங்கே படுக்கும்? மெல்லிய கம்பியாக இருந்தால் வளைத்துவிடும். துத்தநாகப் பூச்சுப் பூசிய கம்பியாக இருந்தால் அதைச் சுரண்டித் தின்று விஷம் ஏறும். எவர்சில்வர் கூண்டு நல்லது. அதன் விலையும் அப்படியே.

என்ன தின்னும்?

சூரியகாந்தி விதை மட்டும் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கிளியும் அதைத்தான் ஆசையாகத் தின்னும். ஆனால் அது எண்ணெய் விதை. தினமும் அதையே தின்றால் ஈரலில் கொழுப்பு ஏறும்.

கொய்யா, பப்பாளி, காரட், முருங்கைக் கீரை, முளைகட்டிய பயறு, சோளக்கதிர் எல்லாம் கலந்து கொடுக்க வேண்டும். பச்சை மிளகாயும் கொடுக்கலாம். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது! நமக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற மிளகாயைக் கிளி மிட்டாய் மாதிரி தின்னும்.

வெண்ணெய்ப்பழம் என்றும் பட்டர் ஃப்ரூட் என்றும் விற்கிறார்களே, அது கிளிக்கு விஷம். சாக்லேட்டும் காப்பியும் ஆகாது. மிக்சர், முறுக்கு, ஊறுகாய் போன்ற உப்புப் பண்டம் கூடாது. "ஆசையாகக் கேட்கிறது, பாவம்" என்று காப்பி டம்ளரை நீட்டுகிற பாட்டிகள் கவனிக்க வேண்டும்.

கண் திறக்காத குஞ்சை வாங்கி, "கையால் ஊட்டி வளர்த்தால் நன்றாகப் பழகும்" என்று சொல்லி விற்பார்கள். பழக்கம் இல்லாதவர்கள் அந்த வேலையில் இறங்கவே கூடாது. கூழ் கொஞ்சம் சூடு அதிகமானாலும் குஞ்சின் தீனிப்பை வெந்துபோகும். ஆறிப்போனால் செரிக்காது.

கிளிக் காய்ச்சல்

கிளியிடம் இருந்து மனிதனுக்கு ஒட்டுகிற காய்ச்சல் ஒன்று உண்டு. காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுத்தால் வரும். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று ஆரம்பித்து நுரையீரலைப் பிடிக்கும்.

1929, 1930-ம் ஆண்டுகளில் இந்தக் காய்ச்சல் பல தேசங்களில் பரவி, மக்கள் செத்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி ஹூவர் 1930-ல் கிளி இறக்குமதிக்கே தடை போட்டார்!

இப்போது நல்ல மருந்து இருக்கிறது. அடிக்கடி வருகிற நோயும் அல்ல. ஆனால் கிளி இருக்கிற வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சல் வந்தால், "வீட்டில் கிளி இருக்கிறது" என்று டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

கிளிக்கு நோய் வந்தால்? மாட்டு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும். ஆனால் மாட்டு வைத்தியம் வேறு, கிளி வைத்தியம் வேறு. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர். கிளி தன் நோயைக் கடைசி நிமிஷம் வரை மறைக்கும். காட்டில் சோர்ந்து உட்கார்ந்தால் பருந்துக்கு இரையாக வேண்டும் அல்லவா? அந்தப் புத்தி கூண்டிலும் போகாது. அது இறகைச் சிலுப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டால் லீவு கேட்க நேரம் இல்லை. அப்போதே கிளம்ப வேண்டும்.

பச்சைக்கிளி என்றால் ஜெயில்!

"அவ்வளவு பணம் எதற்கு? நம் ஊர்ப் பச்சைக்கிளி போதுமே!" என்று சிலர் சொல்வார்கள்.

அதுதான் கூடாது! நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வளர்ப்பதும் குற்றம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 2022-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். மூன்று ஆண்டு வரை ஜெயில். அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

பெரிய பச்சைக்கிளி ஒன்று உண்டு. தோளில் சிவப்புத் திட்டு இருக்கும். வாலோடு சேர்த்து இரண்டடி நீளம். அலெக்சாண்டர் கிளி என்பார்கள். பெயரைக் கேட்டு, வெளிநாட்டுச் சரக்கு என்று ஏமாந்துவிடக் கூடாது. அது இந்தியக் கிளி. அதை வைத்திருந்தாலும் வழக்கு வரும்.

2024 ஏப்ரலில் கடலூர்ப் பக்கம் நடந்த சம்பவம் ஊர் சிரித்தது. நாடாளுமன்றத் தேர்தல் நேரம். வேட்பாளராக நின்ற சினிமா இயக்குநர் தங்கர் பச்சான், கோயில் அருகே கிளி ஜோசியம் பார்த்தார். கிளி நல்ல சீட்டு எடுத்தது. "வெற்றி உங்களுக்குத்தான்" என்றார் ஜோசியர். அந்தக் காட்சி எங்கும் பரவியது. வனத்துறையார் வந்தார்கள். ஜோசியரைப் பிடித்துக்கொண்டு போய் எச்சரித்து விட்டார்கள். கிளிகளைப் பறிமுதல் செய்தார்கள். தேர்தல் முடிவு வந்தபோது வேட்பாளரும் தோற்றுப்போனார். தன் கதி என்ன என்பதைக் கிளி முன்கூட்டிச் சொல்லவில்லை!

வெளிநாட்டுக் கிளிக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் கணக்குக் காட்ட வேண்டும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகள் போட்டது. சர்வதேசப் பட்டியலில் உள்ள பிராணியை வைத்திருப்பவர், அதை வனத்துறையில் பதிவு செய்யவேண்டும். பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிளி கை மாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் சொல்ல வேண்டும்.

மக்காவ், காக்கட்டூ, சாம்பல் கிளி மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சாம்பல் கிளியை ஆப்பிரிக்காவில் பிடித்துப் பிடித்தே தீர்த்துவிட்டார்கள் என்று, 2016-ல் உலக நாடுகள் கூடி அதை மிகவும் கடுமையான பிரிவில் சேர்த்தன.

ஆகவே, "பேப்பர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கடத்தல் கிளியாக இருந்தால் மாட்டுவது வாங்கினவர்தான்.

தெரியாமல் பச்சைக்கிளி வளர்த்துவிட்டவர்கள் என்ன செய்வது? பயந்துபோய்க் கூண்டைத் திறந்துவிடக் கூடாது. வருஷக்கணக்கில் கூண்டில் இருந்த கிளிக்குப் பறக்க வலு இராது. இரை தேடத் தெரியாது. காக்கை கொத்தியே கொன்றுவிடும். வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. அவர்கள் பறக்கப் பழக்கி விடுவார்கள்.

ஒரு வாரம் ஒத்திகை

பெரிய கிளி யாருக்குமே ஆகாதா? அப்படியும் சொல்ல முடியாது.

சொந்த வீடு இருக்க வேண்டும். சுற்றிலும் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். பகல் முழுவதும் ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பிறகு கிளியைப் பார்த்துக்கொள்ள இளையவர் ஒருவர் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனையும் உள்ள குடும்பத்தில் கிளி சுகமாக இருக்கும். தாத்தாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு அவர் இருமுவதை அப்படியே இருமிக் காட்டும். தெருவே சிரிக்கும்.

தங்கள் வீடு எப்படிப்பட்ட வீடு என்று சந்தேகம் இருப்பவர்கள் காசு செலவில்லாமல் ஓர் ஒத்திகை பார்க்கலாம்.

ஒரு வாரத்துக்குக் கிளி வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் விடியும்போது எழுந்து பழமும் கீரையும் நறுக்குங்கள். நாளுக்கு மூன்று தடவை ஒரு மூலையைக் கூட்டித் துடையுங்கள். யாராவது ஒருவர் தினமும் மூன்று மணி நேரம் வேறு வேலை செய்யாமல், செல்போனைத் தொடாமல் அந்த மூலைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பொழுது சாய்ந்ததும் டி.வி.யை நிறுத்தி விளக்கை அணையுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது கூண்டை எங்கே விடுவது என்று இப்போதே ஓர் ஆளைக் கேட்டு வையுங்கள்.

இரவு ஷிப்டு வாரத்திலும் இதைச் செய்து பாருங்கள். மூன்றாம் நாளே விடை கிடைத்துவிடும்!

இன்னொன்றும் செய்யலாம். ஒரகடத்தில் இருந்து வாலாஜாபாத் ரோட்டில் வண்டலூர் சுமார் 20 கிலோமீட்டர்தான். அங்கே அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் பஞ்சவர்ணக் கிளிகள் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாளில் காலையில் திறந்ததும் உள்ளே போய், அந்தக் கிளிகளின் முன்னால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். போட்டோ எடுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது. அவை கத்துவதையும், கடித்துத் துப்புவதையும், எச்சம் போடுவதையும் பார்க்க வேண்டும். இத்தனையும் பத்துக்குப் பத்து அறையில் நடந்தால் எப்படி இருக்கும் என்று குழந்தையையே கேட்க வேண்டும்.

சின்னப் பறவை போதும் என்று நினைப்பவர்களுக்கு, லவ் பேர்ட்ஸ் என்று கடையில் விற்கும் ஆஸ்திரேலியச் சின்னக் கிளிகள் இருக்கின்றன. அவை கூண்டிலேயே குஞ்சு பொரித்துப் பெருகுபவை. சர்வதேசப் பட்டியலில் இல்லை. விலையும் குறைவு, சத்தமும் குறைவு. ஜோடியாக வாங்கினால் ஒன்றுக்கு ஒன்று துணை. ஐந்து முதல் பத்து ஆண்டு வாழும். வாடகை வீட்டுக்கு அது ஒத்து வரும். ஆனால் அவற்றுக்கும் தோசைக்கல் புகை ஆகாது.

கூண்டு இல்லாத கிளிகள்

கிளி என்றால் தமிழனுக்கு ஓர் ஆசை உண்டு. மதுரை மீனாட்சியின் கையில் கிளி. மதுரைக் கோயிலில் கிளிக்கூண்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் கூண்டு கூண்டாகக் கிளிகளை வைத்து, மீனாட்சி பெயரைச் சொல்லப் பழக்கினார்கள். இப்போது கூண்டுகள் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குத் தினமும் இலையாலேயே புதிதாக ஒரு கிளி செய்து கையில் சாத்துகிறார்கள். அந்தக் கிளிக்கு மாதுளம்பூதான் மூக்கு.

ஆசையைத் தீர்த்துக்கொள்ள இன்னொரு வழியும் சென்னையில் நடந்தது. ராயப்பேட்டையில் காமிரா ரிப்பேர் செய்கிற ஜோசப் சேகர் என்பவர் இருந்தார். 2004 டிசம்பரில் சுனாமி வந்த சமயம். அவர் வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு ஜோடிக் கிளி வந்தது. அரிசி வைத்தார். மறுநாளும் வந்தன. கூடவே இன்னும் சில வந்தன. அரிசியை ஊறவைத்து, பலகைகளில் வரிசை வரிசையாக வைத்தார். பல ஆண்டு ஒரு நாள்கூடத் தவறாமல் வைத்தார். வருமானத்தில் பெரும் பகுதியை அரிசிக்கே செலவிட்டார். ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்து இறங்கின. மொட்டை மாடியே பச்சை ஜமக்காளம் விரித்தது போல ஆகும். ஊர் மக்கள் பார்க்கக் கூடினார்கள். அவர் ஒரு கிளியைக்கூடப் பிடித்தது இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் பச்சைக்கிளிகளுக்குக் குறைவு இல்லை. மொட்டைப் பனையின் பொந்தில் குஞ்சு பொரிக்கின்றன. ரோடு போட, மனை போட, தொழிற்சாலை கட்ட என்று பனைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஆனாலும் ஏரிக்கரைகளில் இன்னும் மிச்சம் நிற்கின்றன. தலை இல்லாத பனை வீணாக நிற்கிறது என்று வெட்டுகிறவர்கள், முதலில் அதன் பொந்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெரும்பாலும் உள்ளே குஞ்சு இருக்கும்.

காலை ஷிப்டு பஸ் கிளம்புகிற நேரத்தில், கீ, கீ என்று கத்திக்கொண்டு கூட்டமாக மேலே போகும். சாயந்திரம் அதே வழியில் திரும்பும். மொட்டை மாடியில் ஒரு தட்டில் தண்ணீரும், ஒரு கைப்பிடி ஊறவைத்த அரிசியும் வைத்தால் ஒன்றிரண்டு இறங்கும். முதல் வாரம் காக்கைதான் வரும். அதைத் துரத்த வேண்டாம். காக்கை தின்பதைப் பார்த்துத்தான் கிளி இறங்கும்.